ராத்தாவின் இத்தாவும் ஒரு கெமராவும்

1

ஊரில் இருப்பவர்கள் சிரிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல், நான் குசினியிலிருந்து ஓடிப்போய், கொடியில் போட்டிருந்த உடுப்பையெல்லாம் ஈரத்தோடு அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். மழைச் சத்தம் கேட்டிருந்தது. தகரத்தில் விழுந்து பீலியில் ஓடும் மழை, எனக்கு நன்றாகப் பழகிய சத்தம். கூடையோடு நின்று மூச்சு வாங்கும்போதுதான் எங்கள் கூரையில் தகரமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மழை பெய்தது இலங்கையில், கெலிஓயாவில்.

குசினி மேசையில் சீனிப் போத்தலுக்கு முண்டுகொடுத்து ஒரு டெப் திரையை நிறுத்தி வைத்திருந்தேன். அதில் ஒரு கெமரா வழியாக எந்நேரமும் கெலிஓயாவில் உள்ள என் ராத்தாவின் வீட்டு ஹோல் தெரியும். ராத்தா என்றால் என் கூடப்பிறந்த மூத்தவள். சிவப்பு சீமெந்துத் தரை, ஜன்னல் சீலை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி. காலையில் நான் வெங்காயம் அரியும்போது அங்கே இன்னும் விடிந்திருக்காது. பிறகு ஜன்னல் பக்கம் மெல்ல வெளுக்கும். மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து வரும் பனி சீலையைத் தாண்டி உள்ளே வருவதுபோல் இருக்கும். கம்பளைக்குப் போகும் ரயில் சத்தம் கேட்டால் என் மேசையிலுள்ள கரண்டிகள் அதிர்கின்றனவா என்று பார்ப்பேன். அதிராது. ஆனாலும் பார்ப்பேன்.

இப்படி இரண்டு ஊரில் ஒரே நேரத்தில் இருந்து பழகியவளுக்கு எந்த வெயில் யாருடையது என்று பிரித்தறிவது கஷ்டம்தான். மகள் அதற்கு "கெலிஓயா சேனல்" என்று பெயர் வைத்திருந்தாள். கணவர் ரியாஸ் மட்டும் கொஞ்ச நாளாகத் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் போய்க் குடித்தார். என்னோடு ஏதோ கோபம் என்று நினைத்தேன். நானும் கேட்கவில்லை. கேட்டால் டெப்பிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும் அல்லவா?

2

அந்தக் கெமரா அங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ராத்தாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளும் அவள் புருஷனான மச்சானும் மட்டும்தான். மச்சானுக்கு ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தபோது, ஹோலில்தான் கட்டிலைப் போட்டார்கள். ராத்தா கடைக்கோ மருந்துக்கோ போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. தோஹாவில் இருக்கும் தம்பி நிஸாம் ஒரு விடுமுறையில் வந்து, அலுமாரிக்கு மேலே கெமராவைப் பூட்டிவிட்டுப் போனான். கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்தான். எனக்கு, ரியாஸுக்கு, மச்சானின் தம்பி பவாஸுக்கு. ஆளுக்கொரு நேரம் பார்ப்பது என்று பேச்சு. அந்த மாதங்களில் அது உண்மையாகவே உதவியது, இல்லை என்று சொல்லமாட்டேன். மச்சான் தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டால் நான் இங்கிருந்து ராத்தாவுக்கு மெசேஜ் போடுவேன். கொல்லையில் நிற்பவள் ஓடி வருவாள்.

மச்சான் கண்ணை மூடி மௌத்தான காலையையும் நான் அதில்தான் பார்த்தேன். வீட்டிலிருந்தே ஒரு கம்பனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். அன்று ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருந்ததால் டெப்பின் சத்தத்தை அடைத்து வைத்திருந்தேன். ராத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்தாள். பிறகு யார் யாரோ வந்தார்கள். அஸர் தொழுகைக்கு முன் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கெமரா இருக்கும் உயரத்துக்கு அத்தனை பேரின் தொப்பிகள்தான் தெரிந்தன. எல்லோரும் போன பிறகு, கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் நல்ல சிவப்பாக இருந்தது.

அன்றிலிருந்து ராத்தா இத்தா. எங்கள் பெண்கள் புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பார்கள். அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அதை எங்கள் வீட்டில் எவ்வளவு ஒழுங்காகச் செய்தோம் தெரியுமா? முன் கதவுக்கு இரட்டைச் சீலை. மீன்காரர் கேட்டில் பையைக் கொளுவிவிட்டு மணியடித்துவிட்டுப் போய்விடுவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பொடியனுக்குக்கூடச் சொல்லி வைத்தாயிற்று. பவாஸ் சாமான் வாங்கிக்கொண்டு வந்தால், கேட்டடியில் வைத்து ஸலாம் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சுகம் விசாரிப்பார். ஒரு பூனை ஆணா பெண்ணா என்று பார்க்காததுதான் குறை.

கெமரா மட்டும் அலுமாரிக்கு மேலே தன் பாட்டில் இருந்தது. அது ஒரு சாமான்தானே. அதற்குப் பின்னால் யார் யாருடைய கண் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

3

நான் பார்த்ததை எழுதுகிறேன். ராத்தா காலையில் சமையலைப் பார்த்துவிட்டு வந்து ஜன்னலோரக் கதிரையில் உட்காருவாள். கையில் ஒன்றும் இருக்காது. ஓதுவதென்றால் ஓதுவாள், முடிந்ததும் கிதாபை மூடிவிட்டு அப்படியே இருப்பாள். ளுஹர் தொழப் போவாள், திரும்பி வந்து அதே கதிரை. அஸர் வரைக்கும் அப்படியே. வெளிச்சம் அவளுடைய மடியிலிருந்து நகர்ந்து தரைக்குப் போய், சுவரில் ஏறி மங்கும். பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கனவுபோல இருக்கும். என் வேலை, என் சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூட மெசேஜ்கள், எல்லாம் அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் நடப்பதுபோல் இருக்கும். சில நேரம் அவள் தலையைத் தூக்கி நேராகக் கெமராவைப் பார்ப்பாள். அப்போது நான் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிடுவேன்.

நிஸாமும் அதையேதான் பார்த்தான். "ராத்தா சரியில்ல. ஒரே இடத்துல குந்திக்கொண்டு ஈக்கிறா. இப்படியே உட்டா ஆளுக்கு ஏதும் ஆகிடும்" என்று குரல் பதிவு அனுப்பினான். நானும் ஆமாம் என்றேன். இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். இத்தா முடிந்ததும் ராத்தாவை மெல்பர்னுக்குக் கூப்பிட்டு என்னோடு வைத்துக்கொள்வது. வீட்டை வாடகைக்குக் கொடுப்பது. நிஸாம் ஆளையும் பார்த்துவிட்டான். ராத்தாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், மனது நொந்திருக்கிறது, எல்லாம் சரிவந்த பிறகு சொல்லலாம் என்றும் முடிவு செய்தோம். ஒரு மனுஷியின் மீதி வாழ்க்கையை இரண்டு பேர் இரண்டு நாட்டிலிருந்து ஒரு திரையைப் பார்த்து முடிவு செய்தோம். அப்போது அது பாசமாகத்தான் பட்டது.

விசா வேலையைத் தொடங்கினேன். எல்லாம் இணையத்தில். கைரேகை கொடுக்க ராத்தா கொழும்புக்குப் போக வேண்டும் என்று வந்தது. இத்தாவில் இருப்பவள் எப்படிப் போவாள்? கேட்பதற்கு ஒரு மனிதர் இல்லை. கேள்வியை எழுதினால் பதில் சொல்லும் இயந்திரம்தான் இருந்தது. என் அக்கா சமயக் காரணத்துக்காகத் தனித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அது உடனே தொற்றுநோய்க்காரர் தனித்திருக்கும் விதிமுறைகளை அனுப்பி, விரைவில் குணமடைய வாழ்த்தியது. இல்லை, அவளுக்கு நோயில்லை, புருஷன் போய்விட்டார் என்று எழுதினேன். எங்கே போனார், திரும்பும் திகதி என்ன என்று கேட்டது. கணினியை மூடிவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். போன முறை ஊருக்கு வந்தபோது கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு ஆட்டோக்காரரிடம், கெலிஓயாவில் ரயில் பாதையோரம் போக வேண்டும் என்றேன். "லொகேஷன் அனுப்புங்க மேடம்" என்றார். வழி நான் சொல்கிறேன் என்றால், இறங்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் என் போனை எடுத்தேன். அந்த ஆற்றைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் பறந்து வந்திருந்தேன்.

4

உடுப்பு அள்ளிய நாளுக்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து பையை இறக்கிவிட்டு, "உம்மா, பெரியும்மா வேலை செய்யல்ல" என்றாள்.

அவள் சொல்ல வந்தது படம் வரவில்லை என்பதை. அவளுடைய தமிழ் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் டெப்புக்கு ஓடினேன். திரையில் ஹோல் இல்லை. ஒரே இருட்டு. இருட்டும் சரியான இருட்டு இல்லை, பாசி பிடித்த குளத்துக்கு அடியில் கண் திறந்தது போல ஒரு பச்சை. அங்கே அப்போது காலை பத்து மணி இருக்கும்.

நிஸாமைப் பிடித்தேன். "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்றான். செய்தேன். மறுபடி பச்சை. ராத்தாவின் கைப்பேசிக்கு எடுத்தோம், எடுக்கவில்லை. பவாஸை அனுப்பலாமா என்றால், ஆண் பிள்ளை, இத்தா வீட்டுக்குள் எப்படிப் போவார்? பக்கத்து வீட்டுக் கௌரி அக்காவைக் கேட்கலாம். யாழ்ப்பாணத்து அக்கா, பேராதனையில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ராத்தாவுக்கு நல்ல கூட்டு. ஆனால் அவருடைய நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. மாதக்கணக்கில் அந்த வீட்டைக் கண்வெட்டாமல் பார்த்திருக்கிறோம், மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் நம்பர் இல்லை.

"ஏதும் ஆகிட்டோ?" என்று நிஸாம் கேட்டான். அவன் குரல் சின்னப் பிள்ளையில் கேட்ட குரலாக இருந்தது.

அப்போதுதான் ஹோலில் இருக்கும் பழைய போன் நினைவு வந்தது. வயர் போன். அதற்கு எடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த நம்பர் என் கைப்பேசியில் இல்லை. யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. யோசிக்காமல் விரலை விட்டேன், வந்துவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் ராத்தாவோடு பேச அழுத்திய நம்பர்.

காதுக்குள் மணி போகிறது. இரண்டு நொடி பிந்தி, மேசையில் இருந்த டெப்பிலும் மணி கேட்டது. கெமரா பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் மெல்பர்னிலிருந்து அழைப்பதையும், அது கெலிஓயாவில் அடிப்பதையும் ஒரே குசினியில் நின்று கேட்டேன். பச்சை இருட்டுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எங்கேயோ தூரத்தில் செருப்புச் சத்தம். யா அல்லாஹ், அதைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

5

"ஹலோ, ஆரு?"

"நான்தான் ராத்தா. நஸீரா."

"நீயா? இந்தப் போன்ல இப்ப ஆரும் எடுக்கிறல்லயே. நான் பயந்துபோனன். வீட்டுல எல்லாருக்கும் சுகம்தானே?"

அவள் என்னைக் கேட்கிறாள். நான் கதிரையில் உட்கார்ந்தேன். "கெமராக்கு என்ன ராத்தா? ஒண்டும் தெரியல்ல."

"அதுவா, மச்சான் உடுத்த பச்சச் சாரம் ஒண்டப் போட்டு மூடினன்."

"என்னத்துக்கு?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "சொல்லவும் வெக்கமா ஈக்கி. நேத்து பவாஸ்ட பொண்டாட்டி வந்தா. 'மதினி மெலிஞ்சிட்டாங்க எண்டு இவர் சொல்றாரு' எண்டா. இவருக்கு எப்படித் தெரியும் எண்டு கேட்டன். போனத் தொறந்து காட்டுறா, அதுல நான் ஈக்கிறன். கேட்டடியில முதுகக் காட்டிக்கொண்டு நிக்கிற மனிசன், வீட்டுக்குப் போய் என்னப் பாக்குறாரு. குத்தம் சொல்லல்ல, அவரும் அக்கறையிலதான் பாத்தீப்பாரு. எண்டாலும் இதென்ன இத்தா?"

கராஜில் தேநீர் குடிக்கும் ஒருவர் நினைவுக்கு வந்தார். அன்றிரவு ரியாஸிடம் கேட்டேன். "ராத்தா இத்தாவுல ஈக்கிறாங்க. நான் எப்படி அதுக்கு முன்னால குந்தி டீ குடிக்கிற? நீங்க ஆசையாப் பாத்துக்கொண்டு ஈந்தீங்க, அதுதான் ஒண்டும் சொல்லல்ல" என்றார். வாயில்லாத மனிதரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

"சரி ராத்தா, மூடினது நல்லது" என்றேன். "ஆனா நீங்க நாள் முழுக்க அந்தக் கதிரையில ஒண்டும் செய்யாம ஈக்கிறீங்களே. அதப் பாத்துத்தான் எங்களுக்குப் பயம்."

"அல்லாஹ்வே, அது நீங்க பாக்குறீங்க எண்டுதானே?"

"என்ன?"

"நிஸாம்தான் சொன்னான், அந்தக் கதிரையில ஈந்தா வடிவாத் தெரியுது எண்டு. ஒரு நாள் பின்னுக்குக் கொஞ்சம் கூட நேரம் நிண்டதுக்கு எத்தின மெசேஜ் போட்டீங்க? அதுக்குப் பொறகு எழும்பவே யோசன. குசினிப் பக்கத்தால கௌரி அக்கா வாறா, அங்கால வீட்டுப் பொம்புளைகள் வாறாங்க. பேசிக்கொண்டு ஈக்கிறவங்கள உட்டுட்டு நான் முன்னுக்கு வந்து குந்துறன். கௌரி அக்கா ஏசுறா."

டெப்பில் கௌரி அக்காவின் குரல் கேட்டது, பிந்தி, தெளிவாக. "ஓம், ஏசுறன்தான். அங்க ஆருக்கு டியூட்டி பாக்கிறியள் எண்டு கேளுங்கோ."

நாங்கள் கண்ட துக்கம் முழுவதும் எங்களுக்காக அவள் உட்கார்ந்திருந்தது. நாங்கள் பார்த்ததால்தான் அவள் தனியாக இருந்தாள். எனக்குக் கேவலமாக இருந்தது, அதைவிடக் கவலையாக இருந்தது. அவளோடு நான் கடைசியாக வாயால் பேசியது எப்போது என்று தேடினேன். ஜனாஸா அன்று பேசியதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமைகளில் ரோசாப் பூ போட்ட ஜும்ஆ வாழ்த்துத்தான் இருந்தது. பார்க்கிறோமே, பிறகு எதற்குப் பேச?

"ராத்தா" என்றேன், "இத்தா முடிஞ்சா இங்க வந்து எங்களோடயே ஈக்கிறீங்களா? வீட்டையும் வாடகைக்குக் குடுக்க நாங்க யோசிச்சோம்." அவளிடம் அதை முதல்முறையாகக் கேட்டேன்.

"பாக்க வாறன். ஈக்க வரமாட்டன். இந்த வீட்ட உட்டுட்டு நான் எங்க போற?" சிரித்தாள். "நீங்க என்னத் தெனமும் பாத்தீங்க நஸீரா. நான் உங்கள ஒரு நாளும் காணல்ல. உன்ட குசினி என்ன நிறம் எண்டும் தெரியா."

சொன்னேன். இளம் பச்சை, ஜன்னலுக்கு வெளியே ஒரு எலுமிச்சை மரம், அதில் ஒரு காய்கூட இல்லை என்றெல்லாம் சொன்னேன். அவள் ம், ம் என்று கேட்டாள். "எனக்கு நல்லாத்தான் ஈக்கி, கவலப்படாதே. கறி அடுப்புல, வெக்கிறன்" என்று கலகலப்பாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

6

டெப்பை அணைக்கக் கையை நீட்டினேன். இரண்டு நொடி பிந்தி, அவள் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. கௌரி அக்கா, "அப்ப நான் வாறன், அவருக்குச் சாப்பாடு குடுக்கோணும்" என்றார். பின் கதவு சாத்தும் சத்தம். செருப்புச் சத்தம் குசினிக்குப் போய், அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி ஹோலுக்கு வந்தது. பிறகு ஒன்றுமில்லை. வெளியே ஒரு காகம்.

பிறகு ராத்தா அழத் தொடங்கினாள்.

இத்தனை மாதம் பார்த்த ஒரு நாளும் அவள் அழுது நான் கண்டதில்லை. கெமராவுக்கு முன்னால் அழுதால் நாங்கள் பயப்படுவோம் என்று அடக்கியிருப்பாள். இப்போது சாரத்துக்குப் பின்னால் யாரும் இல்லை என்று நினைத்து, மெதுவாக, நீளமாக அழுதாள். அந்தப் பச்சை இருட்டு முழுக்க அந்தச் சத்தம்.

அது எனக்குரியது அல்ல. ஆனாலும் என் மனது போன இடத்தைச் சொல்கிறேன். கைப்பேசியில் நிஸாமின் பெயர் மேலேயே இருந்தது. "ராத்தா நல்லா ஈக்கிறன் எண்டு பொய் சொல்றா, தனிய அழுறா" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். விசா, வாடகைக்காரர், எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். அவள் எனக்குப் பக்கத்தில் வந்துவிடுவாள். அந்த ஆசை எனக்கு எவ்வளவு இருந்தது என்று சொல்லி முடியாது.

நான் மறுபடி அந்த நம்பரை அழுத்தினேன்.

அங்கே மணி அடித்தது. அழுகை நின்றது. மூக்கைச் சிந்தும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று டெப்பை அணைத்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். குசினியில் இப்போது போன் மட்டும்தான்.

"ஹலோ?" குரலைச் சரிப்படுத்தியிருந்தாள். எனக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்காது.

"நான்தான் ராத்தா."

"என்ன, ஏதும் சொல்ல மறந்துட்டியா?"

"இல்ல. சும்மாதான் எடுத்தன்."

"சும்மாவா?" என்றாள். தூரத்தில் ஒரு ரயில் போனது, இந்த முறை போனில் மட்டும், ஒரே ஒரு தடவை. மகள் ஏதோ கேட்க வந்தாள், கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நஸீரா."

"சொல்லுங்க ராத்தா."

"மச்சான் மௌத்தான அண்டு காலையில என்ட கையப் புடிச்சி என்ன சொன்னாரு தெரியுமா?"

அந்தக் காலையை நான் முழுவதும் பார்த்தவள். படம் மட்டும் ஏறும் பதிவில் மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தவள். அவள் குனிந்ததும் நிமிர்ந்ததும் எனக்கு மனப்பாடம்.

"தெரியா ராத்தா" என்றேன். "சொல்லுங்க."